புதுவை வெள்ளத்திற்குப் பொறுப்பாளி யார்?

2024 ஆம் ஆண்டு நவம்பர் 30 ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகில் கரையேறி, நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்த விஷயம் வாசகர்கள் அறிந்ததேயாகும். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் பெய்த மழை 46 சென்டிமீட்டர். அதற்கு முன் ஒரே நாளில் பெய்த அதிக மழை, 2004 அக்டோபர் 31 ந் தேதி பெய்த 21 சென்டிமீட்டர் தான். கிருஷ்ணா நகரில் ஜனங்களைப் படகிலேற்றி வெளியே கொண்டுவர ராணுவமே வரவேண்டியதாயிற்று.

இவ்வளவு மழைக்கு எந்த ஊர்தான் தாங்கும் என்று கேட்பார்கள். நியாயந்தான். ஆனால் 46 சென்டிமீட்டர் பெய்தால் மாத்திரமா ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் குளமாகின்றன? சாதாரண ஐப்பசி மழைக்கே அங்குள்ளவர்கள் கட்டிலுக்கு அடியில் செங்கல் அடுக்குகின்றார்களே, அது எந்தப் புயலின் குற்றம்? தாழ்ந்த நிலத்தில் மனைப்பிரிவு போட அனுமதித்தவர்கள் மனிதர்கள். வாய்க்காலைத் தூர்க்க விட்டவர்களும் மனிதர்கள். உப்பனாற்று வாய்க்காலில் குப்பையைக் கொட்டியவர்களும் மனிதர்களேயன்றி, வானத்திலிருந்து யாரும் இறங்கிவந்து கொட்டிவிட்டுப் போகவில்லை.

முன்னெல்லாம் வெள்ளம் வந்தால் ‘வருண பகவான் கோபம்’ என்று சொல்லி, நாலு பார்ப்பனரைக் கூப்பிட்டு ஜபம் செய்யச் சொன்னார்கள். இப்பொழுது படித்தவர்களுக்கு அது கூச்சமாகிவிட்டது போலும். ‘இயற்கையின் சீற்றம்’ என்கின்றார்கள். பெயர் மாறிற்றேயொழிய வேலை ஒன்றே. பகவான் மீது பழி போட்டாலும், இயற்கை மீது பழி போட்டாலும் வாய்க்காலுக்குப் பொறுப்பாளியை யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா? அதுதானே அவர்களுக்கு வேண்டியது!

நிற்க. அந்தப் பொறுப்பாளியைத் தேடிப் போவோமானால் எங்கே போவது? தெருவில் தண்ணீர் தேங்கினால் அந்த வார்டின் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுவது மற்ற ஊர் வழக்கம். புதுவையிலோ தட்டுவதற்குக் கதவே இல்லை. 1968 ல் ஒரு முனிசிபல் தேர்தல் நடந்தது; அடுத்தது 38 வருஷங் கழித்து 2006 ல் தான். அதன் ஆயுளும் 2011 ல் முடிந்தது. 2021 ல் தேதி குறித்தும் நடக்கவில்லை. ஐந்து வருஷம் முடிவதற்குள் மறு தேர்தல் நடத்தவேண்டுமென்று 1993 ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம் தெளிவாகச் சொல்லுகின்றது. ஆயினும் பெஞ்சல் வந்த இரவில் புதுச்சேரி முனிசிபாலிட்டியிலும் உழவர்கரை முனிசிபாலிட்டியிலும் ஜனங்கள் தெரிந்தெடுத்த ஒரு மெம்பர்கூட இல்லை. பிரஞ்சுக்காரன் அந்நியன், அவன் 1880 லேயே இவ்வூருக்கு முனிசிபாலிட்டி கொடுத்தான். அதில் வெள்ளையனுக்கொரு பட்டியல், நமக்கொரு பட்டியல் என்ற அக்கிரமம் இருந்தது உண்மை. அந்தப் பாகுபாடு அவன் காலத்திலேயே ஒழிந்தது. நம்மவர் ஆட்சியிலோ தேர்தலே ஒழிந்தது!

இதைவிட வேடிக்கை ஒன்று கேளுங்கள். கடற்கரையிலிருந்த பழைய மேரி கட்டிடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தின் கீழ் உலக வங்கிக் கடன் வாங்கி, சுமார் 15 கோடி ரூபாய் செலவில் அதை அப்படியே மறுபடி கட்டி, 2021 பிப்ரவரியில் பிரதம மந்திரியைக் கொண்டு திறந்தார்கள். மேரி என்றால் மேயரின் மாளிகை. மேயர் எங்கே? சபை எங்கே? பேரிடரைக் குறைப்பதற்கு வாங்கிய கடனில், பேரிடரைப் பற்றிப் பேச ஆளில்லாத மண்டபம் ஒன்று எழுந்து நிற்கின்றது. சாமியில்லாத கோயில் கட்டினால் நாம் சந்தோஷப்படுவோம். ஜனங்களில்லாத ஜனசபை கட்டினால் எப்படிச் சந்தோஷப்படுவது?

புயலுக்குப் பின் ரேஷன் கார்டு ஒன்றுக்கு 5,000 ரூபாய் கொடுப்பதாக முதல் மந்திரி தெரிவித்தார். அதை நாம் குறை கூறவில்லை. நனைந்த அரிசிக்கும் கெட்டுப்போன மோட்டாருக்கும் ஏழைக்கு அது உதவியே. ஆனால் அந்தப் பணம் வெள்ளத்திற்குக் கூலியாகிவிடக் கூடாது. வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள் என்பது அதன் உள்ளர்த்தமானால், கேள்வி கேட்கும் உரிமைக்கு 5,000 ரூபாய் மிகவும் மலிந்த விலையாகும்.

“மேயரும் கவுன்சிலர்களும் இருந்த சென்னை மாத்திரம் 2023 டிசம்பரில் முழுகவில்லையா?” என்று சிலர் கேட்கலாம். முழுகியது. தேர்தல் வந்துவிட்டால் மழை நின்றுவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. அது ஜபக்காரர் சொல்லும் பேச்சு. ஆனால் சென்னையில் முழுகிய தெருக்காரன் கவுன்சிலரை மறித்துக்கொண்டு கேட்டான். மழைநீர் வடிகாலுக்குச் செலவான பணம் எங்கே என்று சபையில் கேள்வி எழுந்தது. புதுவையிலோ சட்டசபைக்காரர் அதிகாரியைக் காட்டுகின்றார், அதிகாரி கவர்னரைக் காட்டுகின்றார், கவர்னர் டில்லியைக் காட்டுகின்றார். கிருஷ்ணா நகர்க்காரன் வடிகால் அடைப்பைச் சொல்ல டில்லிக்கு டிக்கட் வாங்க வேண்டுமா?

தேர்தல் தடைப்படுவதற்குப் பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர் வார்டு ஒதுக்கீட்டுச் சிக்கலே காரணம் என்கின்றார்கள். சாக்கடையில் இறங்க ஆள் தேடும்பொழுது எந்த ஜாதியார் எந்தத் தெருவில் இருக்கின்றார்கள் என்பதில் இவர்களுக்கு ஒரு நாளும் சிக்கல் வந்ததில்லை. நாற்காலி கொடுக்க வேண்டிய இடத்தில் தான் கணக்குத் தெரியாமல் போகின்றது.

ஆகவே புதுவை வாலிபர்களுக்கு ஒரு வேலை சொல்லுகின்றோம். அடுத்த ஐப்பசிக்கு முன் தங்கள் தெருவில் தண்ணீர் எங்கே நிற்கின்றது, எந்த வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கின்றது, அடைத்துக் கட்டியது யார் என்று வீட்டுக்கு வீடு கேட்டு எழுதிக்கொள்ளட்டும். எழுதியதை எடுத்துக்கொண்டு மேரி வாசலுக்குப் போய், இதை எந்த மெம்பரிடம் கொடுப்பது என்று கேட்கட்டும். பதில் வருகிற வரையில் திரும்ப வேண்டியதில்லை.