இசை மலிந்தது, இசைத் தொழிலாளி மெலிந்தார்

மைசூருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய மாண்டியா மாவட்டத்தில் அமைந்துள்ள மேல்கோட்டை தமிழர்களுக்கு அந்நியமான ஊர் அன்று. இராமானுஜர் பல ஆண்டுகள் தங்கியிருந்த ஊர் அது. ஒடுக்கப்பட்ட மக்களைத் ‘திருக்குலத்தார்’ என்றழைத்து அவர் ஆலயத்திற்குள் அனுமதித்தார் என்று மரபு கூறுகிறது. கன்னட நாட்டின் நடுவே இன்றும் அங்கே ஆழ்வார்களின் தமிழ்ப் பாசுரங்கள் ஓதப்படுகின்றன. மலைமீதுள்ள நரசிம்மர் கோயிலில் திப்பு சுல்தான் அளித்ததாகக் கூறப்படும் பெருமுரசு ஒன்று உண்டு. இசை நாடகங்களை எழுதி, அவற்றுக்கான மெட்டுகளையும் தாமே அமைத்த கன்னடக் கவிஞர் பு.தி. நரசிம்மாச்சார் 1905-ல் பிறந்ததும் இவ்வூரில்தான். மொழியும் மதமும் கடந்து இசை எவ்வாறு மக்களின் பொதுச் சொத்தாக வளர்ந்தது என்பதற்கு இந்தச் சிற்றூரே போதிய சான்று.

தமிழ் மக்களில் பெரும்பாலோர் மேல்கோட்டையைத் தம்மையறியாமலே பார்த்திருக்கிறார்கள். 1991-ல் வெளிவந்த ‘தளபதி’ திரைப்படத்தின் ராக்கம்மா பாடல், முற்றுப்பெறாத தூண்கள் வானளாவ நிற்கும் அவ்வூரின் ராயகோபுரத்தில் படமாக்கப்பட்டது. இளையராஜா இசையமைத்து, வாலி எழுதி, எஸ்.பி. பாலசுப்ரமணியமும் ஸ்வர்ணலதாவும் பாடிய பாடல் அது. நடுவே ஏழாம் நூற்றாண்டின் அப்பர் தேவாரமும் ஒலிக்கிறது. 2002-ல் பி.பி.சி. உலக சேவை நடத்திய உலகளாவிய வாக்கெடுப்பில் அது நான்காம் இடத்தைப் பெற்றது. அன்று அப்பாடல் பெங்களூருவின் லஹரி நிறுவனம் வெளியிட்ட ஒலிநாடாவாகக் கடைகளில் விற்றது. இன்று அது கைபேசியில் விரல் நுனியில் கிடைக்கிறது. கேட்பவர் பெரும்பாலும் காசு கொடுப்பதில்லை. ஆயினும் ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் எங்கோ ஒரு கணக்கில் வருவாய் பதிவாகிறது. அது யாருடைய கணக்கு என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

ஒலிப்பதிவு என்பது தொடக்கத்திலிருந்தே மூலதனத்தின் தொழில். 1902-ல் இலண்டனிலிருந்து வந்த கிராமபோன் கம்பெனியின் பொறியாளர்கள் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார்கள். 1908-ல் அந்த நிறுவனம் அங்கேயே இசைத்தட்டுத் தொழிற்சாலையையும் நிறுவியது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்திய மக்களின் பாட்டு அந்த ஒரே நிறுவனத்தின் முத்திரையோடுதான் பெருமளவு வெளிவந்தது. 1980-களில் ஒலிநாடா வந்தபோது அந்த ஏகபோகம் உடைந்தது. மலிவான நாடாவும் மலிவான கருவியும் நாட்டுப்புறப் பாடல்களையும், பக்திப் பாடல்களையும், நம்முடைய இயக்கப் பாடல்களையும் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றன. ஆனால் அந்தச் சந்தையிலும் சில ஆண்டுகளிலேயே புதிய பெருநிறுவனங்கள் தலையெடுத்தன. ஒவ்வொரு புதிய தொழில்நுட்பமும் பழைய ஏகபோகத்தை உடைத்துப் புதிய ஏகபோகத்தைப் படைக்கிறது என்பதே இத்துறையின் நூற்றாண்டு வரலாறு.

கைபேசியின் வருகை இந்த வரலாற்றின் அடுத்த அத்தியாயம். 2000-களின் நடுப்பகுதியில், அழைப்பவர் காதில் ஒலிக்கும் ‘காலர் ட்யூன்’ பெரும் வணிகமாக வளர்ந்தது. முப்பது விநாடிப் பாட்டுத் துண்டுக்கு மாதாமாதம் சந்தாதாரரின் கணக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்டது. கேட்காமலே இச்சேவையைத் திணித்துப் பணம் பறிக்கிறார்கள் என்ற புகார்கள் குவிந்தன. 2013-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு, சந்தாதாரரின் இரட்டை ஒப்புதலைக் கட்டாயமாக்க வேண்டியதாயிற்று. அந்த வருவாயில் பெரும்பங்கைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களே எடுத்துக்கொண்டன. எஞ்சியதை ஒலிப்பதிவு நிறுவனங்கள் பெற்றன. பாடியவருக்கும் எழுதியவருக்கும் சேர்ந்தது அற்பம்.

2016 செப்டம்பரில் ஜியோ களமிறங்கியபின் இணையத் தரவு மலிந்தது. பாடலைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளும் பழக்கமும் மறைந்து, ஓடையாகக் கேட்கும் முறை பரவியது. 2018-ல் ரிலையன்ஸ் தன் இசைச் செயலியைச் சாவனோடு இணைத்தது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவில் நுழைந்தது. இலவசமாகக் கொடுத்துப் பழக்கிய போட்டியில் தாக்குப்பிடிக்க முடியாமல் கானா 2022-ல் சந்தா முறைக்கு மாறியது. ஏர்டெல்லின் விங்க் 2024-ல் மூடப்பட்டது. கம்பியில்லா அலைக்கற்றை, செயலி, விளம்பரம், பாட்டின் உரிமை ஆகிய நான்கும் விரல்விட்டு எண்ணத்தக்க சில குழுமங்களின் கைகளில் குவிந்து வருகின்றன.

இந்த வணிகம் இயங்கும் விதத்தைத் தோழர்கள் புரிந்துகொள்வது அவசியம். ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று நிலையான விலை எதுவும் இதில் இல்லை. சந்தா, விளம்பரம் ஆகியவற்றால் வரும் மொத்தத் தொகையில் ஒரு பங்கைச் செயலி நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. எஞ்சியது, மொத்தக் கேட்பில் எந்த நிறுவனத்தின் பாடல்கள் எத்தனை விழுக்காடு ஒலித்தன என்ற கணக்கின்படி உரிமையாளர்களுக்குப் பிரித்தளிக்கப்படுகிறது. ஒருவர் மாதம் முழுவதும் ஒரே ஒரு நாட்டுப்புறக் கலைஞரை மட்டும் கேட்டாலும், அவர் கட்டிய சந்தா அக்கலைஞருக்கு நேரே போய்ச் சேராது. பொதுக் குவியலில் கலந்து, பெரும்பகுதி நட்சத்திரங்களின் பாடல்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே செல்லும். போதாக்குறைக்கு, ஓராண்டில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடலுக்கு எதுவும் தரமாட்டோம் என்று 2024 முதல் ஸ்பாட்டிஃபை விதி வகுத்துள்ளது. சிறியவரின் சில்லறையும் பெரியவரின் பைக்குள் சேர்வதற்கே இந்த ஏற்பாடு.

2023-ல் உலக ஒலிப்பதிவு இசையின் வருவாய் 2,860 கோடி டாலர். அதில் மூன்றில் இரண்டு பங்கு இத்தகைய ஓடை முறையில் வந்தது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி யுனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய மூன்று நிறுவனங்களின் வழியே செல்கிறது. இந்த மூன்றும் ஸ்பாட்டிஃபை தொடங்கிய காலத்திலேயே அதன் பங்குகளைப் பெற்றிருந்தன. வாங்குபவரும் விற்பவரும் ஒரே மேசையில் அமர்ந்து விலை பேசும் சந்தையில், பாடுபவருக்கு நாற்காலி இல்லை.

பாடகி தன் விருப்பத்தின்படி பாடித் தன் பாட்டைத் தானே விற்கும்போது ஒருவகை உழைப்பாளி. அதே பாடகியை ஒரு முதலாளி பணம் ஈட்டுவதற்காக அமர்த்திப் பாடவைக்கும்போது அவர் மூலதனத்தைப் பெருக்கும் தொழிலாளி என்று மார்க்ஸ் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே விளக்கினார். இன்றைய செயலிகள் இந்த உறவை மறைக்கின்றன. “நீங்களே உங்கள் முதலாளி, பாட்டைப் பதிவேற்றுங்கள்” என்று இளைஞர்களை அழைக்கின்றன. கருவி வாங்குவது, பதிவு செய்வது, விளம்பரப்படுத்துவது ஆகிய செலவு அனைத்தும் கலைஞரின் தலையில். எந்தப் பாட்டு யார் காதுக்குப் போக வேண்டும் என்ற முடிவு மட்டும் நிறுவனத்தின் கணினியில்.

2021-ல் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தலைமுறையின் நினைவையும், நிலத்தை உருவாக்கியும் நிலமற்றுப் போனவர்களின் வலியையும் அறிவும் தீயும் அதில் பாடினார்கள். அது கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாடலால் தங்கள் மூவருக்கும் ஒரு பைசாகூட வருவாய் கிடைக்கவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாக அறிவித்தார். உலகறிந்த கலைஞர்களுக்கே கணக்கு இப்படியென்றால், கரகாட்டத்துக்கு நையாண்டி மேளம் வாசிப்பவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது? 1977-ல் உச்ச நீதிமன்றம், பாட்டுக்குக் கூலி கொடுத்துச் செய்வித்த படத் தயாரிப்பாளரே, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, அதன் முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. 1957-ல் இ.எம்.எஸ். தலைமையிலான கேரள அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்த வி.ஆர். கிருஷ்ண ஐயர் அந்த அமர்வில் நீதிபதி. பாட்டுக்கு உயிர் கொடுக்கும் பாடகருக்குச் சட்டம் எந்த உரிமையும் அளிக்கவில்லையே என்ற குறையை அவர் தனிக் குறிப்பாகவே பதிவு செய்தார். அக்குறையைத் தீர்க்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 2012-ன் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், திரையரங்கிற்கு வெளியே பாடல் பயன்படும்போதெல்லாம் எழுதியவரும் இசையமைத்தவரும் சமபங்கு உரிமைத்தொகை பெற வேண்டும். அந்த உரிமையை ஒப்பந்தத்தின் வாயிலாகக்கூடப் பறிக்க இயலாது என்று வரையறுத்தது. பாடகர்களின் நிகழ்த்துநர் உரிமையையும் அது வலுப்படுத்தியது. போராடிப் பெற்ற முன்னேற்றம் இது.

எனினும் இந்தச் சட்டத்தின் பயன் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே கிட்டுகிறது. வயலின் வரிசையில் அமர்ந்தவரும், பறையடித்தவரும், கூட்டுக்குரல் கொடுத்தவரும் ஒருநாள் கூலியோடு வெளியேறுகிறார்கள். கணினி ஒலிகள் வந்தபின் அந்த ஒருநாள் கூலியும் அருகிவிட்டது. ஐம்பது பேர் வாசித்த இடத்தில் ஒரு விசைப்பலகை போதுமென்றாகிவிட்டது. நாட்டுப்புற மெட்டுகளோ ‘யாருக்கும் சொந்தமல்ல’ என்று எடுத்தாளப்பட்டு, எடுத்தவரின் சொத்தாகப் பதிவாகின்றன. இதன் மறுபக்கமும் உண்டு. நூற்றாண்டுகளாகப் பொதுவில் உள்ள கீர்த்தனையை ஒரு கலைஞர் தாமே பாடி யூடியூபில் ஏற்றினால், அது வேறொரு நிறுவனத்தின் உரிமை என்று தானியங்கி முறை அறிவித்துவிடுகிறது. கொரோனா முடக்கத்தில் மேடைகளை இழந்து இணையத்தை நம்பிய கலைஞர் பலர் இந்தத் தொல்லைக்கு ஆளானார்கள். மக்களின் பொதுநிலம் வேலியடைக்கப்பட்டதைப் போலவே மக்களின் பொது இசையும் வேலியடைக்கப்படுகிறது.

செயற்கை நுண்ணறிவு இந்த நெருக்கடியை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தியுள்ளது. 2024-ல் வந்த ‘லால் சலாம்’ படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் இம்முறையில் மீட்டெடுத்தார். அவர்களின் குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, தொகையும் வழங்கியதாக அவர் தெரிவித்தார். அந்த நேர்மை வரவேற்கத்தக்கது. ஆனால் தொழிலாளியின் உரிமை தனிமனிதரின் நேர்மையை நம்பி நிற்கலாகாது. குரலும் ஒரு உழைப்புக் கருவி. அதை உரிமையாளரின் ஒப்புதலின்றி எடுத்துப் பயிற்றுவிப்பதைச் சட்டம் தடுக்க வேண்டும்.

தொழில்நுட்பத்தை எதிர்ப்பது நமது நிலைப்பாடு அன்று. ஏழை வீட்டுப் பிள்ளையின் காதுக்கு உலகத்து இசை முழுவதும் எட்டுவதை எந்த முற்போக்காளரும் வரவேற்கவே செய்வார். நமது எதிர்ப்பு, கோடிக்கணக்கானோர் கூடிப் படைப்பதைச் சிலர் மட்டும் கைப்பற்றும் உடைமை முறைக்கே. ஆகவே ஒன்றிய அரசிடம் சில கோரிக்கைகள் எழுப்பப்பட வேண்டும். செயலி நிறுவனங்களும் இசை நிறுவனங்களும் வரவு செலவைக் கலைஞர்கள் சரிபார்க்கும் வகையில் வெளிப்படையாக வைக்க வேண்டும். கருவியிசைக் கலைஞர்களுக்கும் கூட்டுக்குரலினருக்கும் ஒவ்வொரு மறுபயன்பாட்டிலும் பங்கு உறுதி செய்யப்பட வேண்டும். பொதுவுடைமையான பழம்பாடல்கள்மீது பொய்யுரிமை கோருவது தண்டனைக்குரியதாக்கப்பட வேண்டும். வானொலிக் காப்பகத்தின் இசைச் செல்வம் தனியாருக்குத் தாரைவார்க்கப்படாமல் மக்களுக்கு இலவசமாகத் திறந்துவிடப்பட வேண்டும். இணையவழித் தொழிலாளர்களுக்காகக் கர்நாடகம் 2025-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியுள்ளது. அத்தகைய பாதுகாப்பு தமிழகத்திலும் பிற மாநிலங்களிலும் இசைக் கலைஞர்களை எட்டும் வகையில் கொண்டுவரப்பட வேண்டும்.

கோரிக்கை எழுதினால் மட்டும் உரிமை வந்துவிடாது என்பதற்கும் நம்மிடையே முன்னுதாரணம் உண்டு. திரையிசைக் கலைஞர்கள் அன்றாடக் கூலிக்குக் கையேந்தி நின்ற காலத்தில், கம்யூனிஸ்ட் இயக்கத்தில் உருவான இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் அவர்களைத் தொழிற்சங்கமாக்கினார். கலைஞன் தொழிலாளி அல்லன் என்ற மயக்கத்தைக் கலைத்ததே அவர் செய்த முதல் வேலை. சென்னை இளைஞர் இசைக்குழுவின் வாயிலாகக் கூட்டாகப் பாடவும் அவர் கற்பித்தார். இன்று அதே வேலை புதிய களத்தில் காத்திருக்கிறது.

மாவட்டந்தோறும் பறை, நாதஸ்வரம், தவில், நையாண்டி மேளக் கலைஞர்களையும், தனியே பாடிப் பதிவேற்றும் இளைஞர்களையும் நம் தோழர்கள் நேரில் சந்திக்க வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யாதோரைப் பதிவு செய்விக்க வேண்டும். கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல வழக்குரைஞர் தோழர்கள் முன்வர வேண்டும். நமது கலை இரவுகளிலும் மாநாடுகளிலும் பாடுவோருக்கும் உரிய ஊதியம் தவறாது வழங்கப்பட வேண்டும். ‘தோழமைக்காக’ என்ற சொல் உழைப்பைச் சுரண்டும் போர்வையாகிவிடக் கூடாது. பாட்டு மக்களுடையது, பாடுபவரும் மக்களே. இந்த இரண்டையும் இணைத்து நிற்கும் அமைப்பைக் கட்டுவது இன்றைய கடமை.