கட்டி சின்னதுதானே என்று இருந்துவிடாதீர்கள்!

கைக்குழந்தை உள்ள ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் ஒன்பது வயது லாப்ரடார் நாய் இருக்கிறது. குளிப்பாட்டும்போது அதன் விலாவில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டதாம். "இது புத்துநோய்தான். குழந்தைக்கு ஒட்டிக்கும். எங்கேயாவது கொண்டுபோய் விட்டுட்டு வா" என்று மாமியார் ஒரே பிடிவாதம். "நாயை விடவும் மனசில்லை, குழந்தையை நினைத்தாலும் பயமாயிருக்கிறது. என்ன செய்யட்டும் அக்கா?" என்று கேட்கிறார்.

முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நாய்க்கு வரும் தோல் புற்றுநோய் மனிதருக்கு ஒட்டாது. நக்கினாலும் ஒட்டாது, தொட்டாலும் ஒட்டாது. நாய்க்கு நாய் தொற்றுகிற கட்டி ஒன்று உண்டு. அது முக்கியமாக இனச்சேர்க்கையின்போது பரவுவது. அதுவும் நாய்களோடு சரி. ஆகவே குழந்தையைக் காரணம் காட்டி நாயை விரட்ட வேண்டாம்.

இரண்டாவது, கட்டியெல்லாம் புற்றுநோய் இல்லை. வயதான நாய்களுக்குத் தோலுக்கு அடியில் கொழுப்புக் கட்டி வருவது சகஜம். மருவும் வரும். இளம் நாய்களுக்குச் சிவப்புப் பொத்தான் மாதிரி ஒரு கட்டி கிளம்பும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே மறைந்துவிடும். ஆனால் எது கெட்டது, எது நல்லது என்று கண்ணால் பார்த்தோ கையால் தடவியோ யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. டாக்டராலும் முடியாது. விஷயமே இதில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டு பாக்ஸர் நாயின் கதையைச் சொல்கிறேன். தொடையில் ஒரு கட்டி. "ஒண்ணுமில்லே, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் போடு, அமுங்கிடும்" என்றார் வீட்டுப் பெரியவர். போட்டார்கள். நாலு நாளில் கட்டி வற்றியது. எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வாரம் பழையபடி வீங்கிவிட்டது. நாய் அடிக்கடி வாந்தியும் எடுத்தது. பரிசோதனையில் அது 'மாஸ்ட் செல்' கட்டி என்று தெரிந்தது. நாய்களுக்கு வரும் தோல் புற்றுநோய்களில் மிகவும் அதிகமாகக் காண்பது இதைத்தான். வீங்குவதும் வற்றுவதும் இதன் குணம். நமக்கு அலர்ஜி வந்தால் அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் இந்தக் கட்டிக்குள் நிறைய இருக்கிறது. அமுக்கினால் அது வெளிப்பட்டு, சுற்றிலும் சிவந்து வீங்கும். வயிற்றில் புண்கூட வரும். எனவே கட்டியை அமுக்கிப் பார்க்காதீர்கள். வற்றிவிட்டதே என்று நிம்மதி அடையவும் வேண்டாம்.

எந்த நாய்கள் ஜாக்கிரதை?

மாஸ்ட் செல் கட்டி பாக்ஸர், பக், பாஸ்டன் டெரியர், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் ஆகிய ஜாதிகளுக்கு அதிகம். வயது ஏற ஏற அபாயமும் ஏறும்.

வெயிலால் வரும் புற்றுநோய் வேறு வகை. வெள்ளை நிறம், குட்டை முடி, இளஞ்சிவப்புத் தோல் உள்ள நாய்களுக்கு இது வரும். டால்மேஷன், வெள்ளை புல் டெரியர் போன்றவை உதாரணம். மல்லாந்து வெயில் காயும் நாய்க்கு, முடி இல்லாத அடிவயிற்றில்தான் முதலில் சிவந்து, தடித்து, ஆறாத புண்ணாகும். வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட நம் ராஜபாளையம் நாயையும் இந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது.

அப்படியானால் கறுப்பு நாய்க்குக் கவலையில்லையா? உண்டு. கறுப்பு லாப்ரடார், ராட்வைலர் போன்ற பெரிய நாய்களுக்கு நகக்கண்ணில் புற்றுநோய் வரலாம். விரல் வீங்கி நொண்டும். "முள் குத்தியிருக்கும்" என்று நாம் இருந்துவிடுவோம். அதற்குள் எலும்பை அரித்துவிடும். முடி உள்ள தோலில் வரும் கருமைக் கட்டி பெரும்பாலும் சாது. அதுவே வாயிலோ நகக்கண்ணிலோ வந்தால் பொல்லாதது.

நாட்டு நாய்க்கு வராது என்றும் நினைக்க வேண்டாம். எந்த நாய்க்கும் வரலாம்.

நாம் செய்ய வேண்டியது

மாதம் ஒருமுறை, குளிப்பாட்டும் நாளில், தலை முதல் வால் வரை விரலால் தடவிப் பாருங்கள். காதின் உள்பக்கம், அக்குள், அடிவயிறு, விரலிடுக்கு எதையும் விடாதீர்கள். தட்டுப்படுவது உண்ணியா கட்டியா என்று முடியை விலக்கிப் பாருங்கள். கட்டி என்றால் இடத்தையும் அளவையும் தேதி போட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். பட்டாணி அளவு, அதாவது 1 சென்டிமீட்டர் இருந்தாலோ, ஒரு மாதமாக மறையாமல் இருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். வேகமாக வளர்ந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, புண்ணானாலோ மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். அன்றே கிளம்புங்கள்.

டாக்டர் மெல்லிய ஊசியைக் கட்டியில் செலுத்தி, கொஞ்சம் செல்களை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். பெரும்பாலும் மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. சந்தேகம் இருந்தால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். கெட்ட கட்டி என்றால் சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். மாஸ்ட் செல் கட்டியில் சாது வகையானால், முழுவதுமாக எடுத்துவிட்ட பிறகு பல நாய்கள் ஆயுள் முடிய நன்றாக இருக்கின்றன. கட்டி சிறிதாக இருக்கும்போதுதான் இப்படி முழுவதும் எடுப்பது சுலபம். ஒரு விரலையே எடுக்க நேர்ந்தாலும், நாய் மற்ற விரல்களை ஊன்றி ஓடிவிடும்.

வெள்ளை நாய்களை உச்சி வெயிலில் மொட்டை மாடியில் கட்டாதீர்கள். நாம் பூசும் வெயில் கிரீமை அதற்குப் பூசவே கூடாது. நக்கிவிடும், அதில் உள்ள ஜிங்க் ஆக்ஸைடு நாய்க்கு விஷம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. உங்கள் நாய்க்கு வயது ஒன்பது, ஜாதியோ லாப்ரடார். இரண்டுமே கவனிக்க வேண்டிய அடையாளங்கள். கொழுப்புக் கட்டியாகவே இருக்கலாம். ஆனால் அதை ஊசிதான் சொல்ல வேண்டும். தள்ளிப்போடாமல் இந்த வாரமே அழைத்துப் போங்கள். முடிந்தால் மாமியாரையும் கூடவே கூட்டிப் போங்கள். ஒட்டாது என்று டாக்டர் வாயாலேயே கேட்டுவிட்டால் அவர் மனமும் ஆறும்.