குடும்பக் கொலை வழக்குகள்: வாசல் வரை கேமரா, வாரக்கணக்கில் ஆயுள்

புதுதில்லி: வீட்டுக்குள் நடக்கும் கொலைக்குச் சாட்சி கிடைப்பது அரிது. பார்த்தவர் பெரும்பாலும் உறவினராகவே இருப்பார். ஆகவேதான் இத்தகைய வழக்குகளில் போலீசார் முதலில் தேடுவது கண்காணிப்பு கேமரா பதிவை.

மும்பையில் 2008 தாக்குதலுக்குப் பிறகு திட்டமிடப்பட்டு, 2016-ல் சுமார் 4,700 கேமராக்களுடன் நிறைவேறிய அரசு ஏற்பாடு சாலைகளையே பார்க்கிறது. மாட்டுங்கா, செம்பூர் அடுக்குமாடிகளின் நுழைவாயில் கேமரா குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு. தாராவியின் குறுகிய சந்துகளில் ஏதாவது ஒரு கடைக்காரர் பொருத்தியிருந்தால்தான் உண்டு.

கேமரா கொலையைக் காட்டுவதில்லை. யார் உள்ளே சென்றார், யார் வெளியே வந்தார் என்பதையே காட்டுகிறது. சட்டத்தின் பார்வையில் அதுவே பெரிய விஷயம். வீட்டுக்குள் நடந்த மரணத்துக்கு உள்ளே இருந்தவர்கள் விளக்கம் தர வேண்டும், மௌனம் அவர்களுக்கு எதிரான கூடுதல் கண்ணியாகும் என்று மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் 2006-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. வெளியாள் எவரும் நுழையவில்லை என்பதைப் பதிவு காட்டிவிட்டால், தப்பிக்கும் வழி குறுகிவிடுகிறது.

ஆனால், பதிவின் ஆயுள் குறைவு. பழைய காட்சிகள் மீது புதியவை பதிவாகி, பெரும்பாலும் சில வாரங்களில் அழிந்துவிடும். மும்பையை அடுத்த வசாயைச் சேர்ந்த ஷ்ரத்தா வால்கர் 2022 மே மாதம் தில்லியில் கொல்லப்பட்டார் என்கிறது போலீஸ். உடன் வாழ்ந்தவர் நவம்பரில்தான் கைதானார். வெளியான முக்கியக் காட்சியோ அக்டோபர் 18 அதிகாலையில் ஒருவர் பையுடன் நடந்து செல்வது.

பதிவைத் தாக்கல் செய்யாமல் விட்டாலும் வழக்கு சரியும். வாராணசி விடுதி மரண வழக்கில் தண்டிக்கப்பட்ட இத்தாலியர் இருவரை 2015-ல் விடுவித்த உச்ச நீதிமன்றம், விடுதியின் கேமரா பதிவு தாக்கல் செய்யப்படாததை அரசுத் தரப்புக்கு எதிராகவே எடுத்துக்கொண்டது. பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-ல் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம், கருவியின் பொறுப்பாளருடன் நிபுணரும் அதில் கையெழுத்திட வேண்டும் என்கிறது.

எனவே, பெண்ணைக் காணவில்லை என்று பெற்றோர் புகார் தரும் நாளே முக்கியமானது. 'குடும்பத் தகராறு, தானே திரும்பி வருவார்' என்று காவல் நிலையம் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு வாரமும் ஒரு சாட்சியை அழிக்கிறது. கேமராக்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, புகார் வந்த அன்றே பதிவைக் கைப்பற்றும் கடமையை வகுப்பதே அவசரத் தேவை.