நம் பிள்ளை நிற்பது எந்த வரிசையில்?



ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வந்தபின் நம் சங்கத்தில் பாராட்டு விழா நடக்கிறது. நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்குப் பொன்னாடை, ஒரு புத்தகம், கைதட்டல். பார்க்கப் பூரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் விழா முடிந்து காபி கொடுக்கும் நேரத்தில் பெற்றோர் சிலர் என்னை ஓரமாக அழைத்துப் போவார்கள். "பையன் இவ்வளவு மார்க் வாங்கியிருக்கான். மெடிக்கல் கிடைச்சிடுமா? ஐ.ஐ.டி.க்குச் சான்ஸ் இருக்கா?" என்பார்கள். ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கல்வி அதிகாரி அல்ல. ஏதோ பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நம்மவர் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து வருவதால் என்னிடம் கேட்கிறார்கள்.

நான் பதில் சொல்வதில்லை. திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: "ஒண்ணாம் வகுப்பிலேருந்து பன்னிரண்டு வரைக்கும் எந்தெந்த வருஷம் எந்த ஊர்ல படிச்சான்?" மதிப்பெண்ணைச் சொன்னால் இவர் ஊரைக் கேட்கிறாரே என்று சிலருக்கு மனத்தாங்கல்கூட உண்டு. ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என் தவறு ஒன்றையும் இதில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நெல்லைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. தகப்பனாருக்கு நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, மகள் ஐந்தாம் வகுப்பு முடித்தபோது மைசூருக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெண் ஆறிலிருந்து பத்து வரை இங்கே படித்தாள். கெட்டிக்காரி. எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளியில் முதலிடம். டாக்டர் ஆக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வீட்டார் திணித்தது அல்ல. "அண்ணாச்சி, பிளஸ் ஒன்னுக்கு எங்க சேக்கலாம்?" என்று தகப்பனார் கேட்டார். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றைச் சொன்னவன் நான்தான். அப்போது என்னிடம் நான்கு பேர் அந்தப் பள்ளியைப் புகழ்ந்திருந்தார்கள். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

2019 இல் அவள் நீட் எழுதினாள். அவள் வாங்கிய ரேங்க்குக்குக் கர்நாடக அரசு ஒதுக்கீட்டில் ஏதாவது ஒரு மருத்துவக் கல்லூரியில் இடம் இருந்தது என்பதைப் பிற்பாடு வெளியான பட்டியலில் பார்த்தேன். ஆனால் அந்த வரிசையில் நிற்கவே அவளுக்கு உரிமை இல்லை. கர்நாடகத்தில் பொதுவாகப் பொருந்தும் விதி இது: முதல் வகுப்பு தொடங்கி இரண்டாம் பி.யு.சி. வரையுள்ள காலத்தில் குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் இந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும், எஸ்.எஸ்.எல்.சி. அல்லது பி.யு.சி. இரண்டில் ஒன்றை இங்கே தேறியிருக்க வேண்டும். அவள் இங்கே படித்தது ஐந்து ஆண்டுகள். மைசூரிலேயே பி.யு.சி. படித்திருந்தால் ஐந்தும் இரண்டும் ஏழு. விரல் விட்டு எண்ணியிருக்கலாம். தகப்பனார் எண்ணவில்லை, புத்தி சொன்ன நானும் எண்ணவில்லை.

தமிழ்நாட்டு வரிசையாவது உண்டே என்று ஓடினோம். அங்கே இடைப்பட்ட ஆண்டுகளில் வெளிமாநிலத்தில் படித்தவர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் என்பதற்கு இருப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை எல்லாம் மைசூர் முகவரியில். அம்மை அப்பன் பிறந்த ஊருக்கும் தாலுகா அலுவலகத்துக்குமாகத் தகப்பனார் நான்கு முறை போய் வந்தார். சான்றிதழ் கைக்கு வந்தபோது கடைசித் தேதி போய்விட்டிருந்தது. மிச்சம் இருந்தது அகில இந்திய ஒதுக்கீடு. அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் நூற்றுக்குப் பதினைந்து மட்டும் உள்ள வரிசை அது; நாடு முழுவதும் அதில் நிற்கிறது. அவள் ரேங்க்குக்கு அது எட்டவில்லை.

ஆகவே ஒரு பிள்ளையின் வாய்ப்பை மதிப்பிடும்போது மதிப்பெண் இரண்டாவது கேள்விதான். எந்த வரிசையில் நிற்க முடியும் என்பதே முதல் கேள்வி. உள்ளூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. பிறந்த ஊரிலேயே படித்து அங்கேயே விண்ணப்பிக்கிறார்கள். நம்மைப் போல வேலைக்காக இடம் பெயர்ந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் இரண்டு மாநிலத்திலும் ஒரு கால் இருப்பதுபோல் தோன்றி, கடைசியில் இரண்டிலும் கால் ஊன்ற முடியாமல் போகிறது.

சாதிச் சான்றிதழ் விஷயமும் இப்படித்தான். ஊரில் தாத்தா காலத்திலிருந்து சலுகை உண்டு, இங்கேயும் செல்லும் என்று நம்பிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. 1990 இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது: ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டை அங்கே கோர முடியாது. பிற்படுத்தப்பட்ட வகுப்புகளுக்கும் கர்நாடகத்தின் பட்டியல் வேறு, தமிழ்நாட்டின் பட்டியல் வேறு. ஆனால் ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் சொந்த மாநிலப் பட்டியலின்படி பெற்ற சான்றிதழ் செல்லும். ஒரே பிள்ளை ஒரு விண்ணப்பத்தில் பொதுப்பிரிவு, இன்னொன்றில் ஒதுக்கீட்டுப் பிரிவு என்று ஆகலாம். அது நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையைத் தாத்தாவின் ஊரைச் சொல்லித் தள்ளி வைப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் நியாயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்பதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

நமக்குச் சாதகமானவற்றையும் நாம் கவனிப்பதில்லை. முதல் வகுப்பு முதல் பத்து வரை கன்னட வழியில் படித்தவர்களுக்குக் கர்நாடகம் 5 சதவீதம் ஒதுக்குகிறது. கிராமப்புறப் பள்ளிகளில் அந்தப் பத்து ஆண்டுகளைப் படித்தவர்களுக்கு 15 சதவீதம். மைசூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் அரசுக் கன்னடப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் எத்தனையோ. இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்க முடியவில்லையே என்று வருந்துகிறார்களே தவிர, கையில் இருக்கும் உரிமை தெரிவதில்லை.

இனி மதிப்பெண்ணுக்கு வருவோம். "அறுநூற்று ஐம்பது வாங்கினால் போதும் என்றார்களே" என்று ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். எந்த ஆண்டின் அறுநூற்று ஐம்பது? 2024 நீட் தேர்வில் 720க்கு 720 வாங்கியவர்கள் முதலில் 67 பேர். திருத்திய இறுதிப் பட்டியலில் 17 பேர். 2025 இல் ஒருவர்கூட 720 வாங்கவில்லை. நாட்டிலேயே முதலாவதாக வந்தவர் பெற்றது 686. அதே 686 ஐ முந்தைய ஆண்டு வாங்கியவர் ஆயிரக்கணக்கானோருக்குப் பின்னால் நின்றார். வினாத்தாள் கடினமானால் எல்லாருக்கும் மதிப்பெண் இறங்கும். எளிதானால் எல்லாருக்கும் ஏறும். இடங்களின் எண்ணிக்கை மட்டும் அப்படியே நிற்கும். எனவே மதிப்பெண்ணை விட்டுவிட்டு ரேங்க்கைப் பாருங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாகச் சேர்ந்தவரின் ரேங்க் என்ன என்பதைக் கர்நாடகத் தேர்வு ஆணையமும், ஐ.ஐ.டி. சேர்க்கையை நடத்துபவர்களும் ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். காசு கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. ஓர் ஆண்டை மட்டும் பார்க்காமல் மூன்று ஆண்டுப் பட்டியலை எடுத்து, அவற்றில் நமக்கு மிகவும் பாதகமான ஆண்டை வைத்துக் கணக்குப் போடுங்கள். அதிலும் தேறினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

'தகுதி பெற்றான்' என்ற சொல்லிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. 2024 இல் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை எழுதியவர்கள் 1,80,200 பேர். தகுதி பெற்றவர்கள் 48,248 பேர். 23 ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இருந்த இடங்கள் 17,740. தகுதி பெற்ற மூவரில் ஏறக்குறைய இருவருக்கு இடமே இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் பொதுப்பிரிவில் முதல் சில நூறு ரேங்க்குக்குள் கதவு மூடிவிடும். இதைத் தெரியாமல் தகுதிப் பட்டியலைப் பார்த்துத் தெருவெல்லாம் லட்டு கொடுத்துவிட்டு, ஜூலை மாதம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்த குடும்பம் எனக்குத் தெரியும். லட்டு நானும் சாப்பிட்டேன்.

கோச்சிங் நிறுவனங்களின் விளம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "எங்களிடம் பயின்ற இத்தனை பேர் தேர்வு" என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அங்கே பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எங்காவது போட்டிருக்கிறார்களா? மேல் எண்ணைக் காட்டிக் கீழ் எண்ணை மறைத்த பின்னத்தை வைத்துக்கொண்டு என்ன கணக்குப் போடுவது? அங்கே வைக்கும் மாதிரித் தேர்வுகளிலும் பிள்ளை வாங்கிய மிக உயர்ந்த மதிப்பெண்ணைத்தான் நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். கடைசி ஐந்து தேர்வுகளின் சராசரியைப் பாருங்கள். பரீட்சை நாளன்று உட்காரப்போகிறவன் அந்தச் சராசரிப் பையன்தான்.

இந்தக் கோச்சிங் மோகத்தால் இன்னொரு கேடும் உண்டு. பி.யு.சி. வகுப்புக்குப் பெயருக்குச் சேர்ந்துவிட்டு நாள் முழுக்கக் கோச்சிங்கிலேயே கிடக்கிறார்கள். 1994 முதல் நடந்து வரும் நம் சி.இ.டி.யில் இன்ஜினியரிங் ரேங்க்குக்குப் பாதி மதிப்பு நுழைவுத் தேர்வுக்கு, மறுபாதி பி.யு.சி.யில் பௌதிகம், ரசாயனம், கணிதத்தில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு. ஐ.ஐ.டி.க்கும் பன்னிரண்டாம் வகுப்பில் பொதுப்பிரிவினர் 75 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும், இல்லையேல் தங்கள் தேர்வு வாரியத்தில் முதல் 20 சதவீதத்தினருள் இருக்க வேண்டும். பாதிச் சோற்றைக் கொட்டிவிட்டுப் பசிக்கிறது என்றால் யார் என்ன செய்ய முடியும்?

"இப்படியெல்லாம் கணக்குப் பார்த்துச் சொன்னால் பிள்ளை மனம் உடைந்துவிடாதா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். ஆர்.கே. நாராயணையும் துணைக்கு அழைப்பார்கள். நம் மைசூரில் தலைமையாசிரியர் வீட்டுப் பிள்ளையாக இருந்தும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று, ஓராண்டு வீட்டில் படித்துக்கொண்டிருந்து, பிறகு மகாராஜா கல்லூரியில் சேர்ந்தவர் அவர். உண்மைதான். யாதவகிரியில் அவர் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்கும் அது நினைவுக்கு வரும். ஆனால் அது தோற்ற பிறகு சொல்ல வேண்டிய ஆறுதல். தேர்வுக்கு முன் போட வேண்டிய கணக்கு அல்ல. நான் பார்த்த வரையில் பிள்ளைகளுக்குத் தங்கள் நிலை நம்மைவிட நன்றாகவே தெரிகிறது. நாம் அதைக் கேட்கத் தயாராக இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரிகிறது. அதுதான் அவர்களை உடைக்கிறது.

கணக்குப் போட்டு வாய்ப்புக் குறைவு என்று தெரிந்தால் முயற்சியை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு வாசல்களைத் திறந்து வைக்க வேண்டும் என்கிறேன். கோட்டாவுக்கு ரயில் ஏற்றும் நாம், மானசகங்கோத்ரியில் 1965 முதல் இருக்கும் அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்தின் வாசலில் ஏறிப் பார்த்ததுண்டா? வடநாட்டிலிருந்தெல்லாம் அதற்கு நுழைவுத் தேர்வு எழுதி வருகிறார்கள். 1963 இல் தொடங்கிய மண்டலக் கல்வி நிறுவனத்தில் ஆசிரியர் படிப்பு. பட்டம் முடித்தவர்களுக்கு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் மேற்படிப்பு. எல்லாம் சிட்டி பஸ் தூரம். இவையும் எளிதில் கிடைப்பவை அல்ல. ஆனால் இப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் விண்ணப்பத் தேதியைத் தவறவிடுகிறோமே!

அந்த நெல்லைக் குடும்பத்துப் பெண் இங்கேயே பி.பார்ம். படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாள். வழியில் பார்த்தால், "நல்லாயிருக்கீங்களா பெரியப்பா?" என்று சிரித்த முகமாகத்தான் கேட்கிறாள். அவள் தகப்பனாரும் நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

சங்க நிர்வாகிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாராட்டு விழாவை நடத்துங்கள். அதோடு எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் வந்தால் எதையும் மாற்ற முடியாது. ஒன்பதில் வந்தால் பி.யு.சி.யை எங்கே படிப்பது என்ற முடிவு இன்னும் நம் கையில் இருக்கும். விதிகள் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டின் விளக்கக் கையேட்டைக் கூட்டத்தில் வைத்துப் படித்துக் காட்ட நான் தயார். பெற்றோர்கள் கொண்டுவர வேண்டியவை: பிள்ளை படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று குறித்த படிப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எந்த மாநிலத்தில் வாங்கியதோ அதன் நகல், தமிழ்நாட்டில் பழைய குடும்ப அட்டை இருந்தால் அதுவும். பள்ளி மூடப்பட்டிருந்தால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இப்போதே விசாரித்து வையுங்கள். ஜூன் மாதத்தில் அங்கே நிற்க இடமிருக்காது.