விரலுக்கும் பேர் போடுங்க

மார்கழி, தை மாசக் காலையில் நுவரெலியாப் பக்கம் ஏதாவது ஒரு பெரட்டுக்களத்தில் நின்று பாருங்கள். புல் வெட்டுற மெஷினைத் தோளில் மாட்டின ஆளுங்க ரெண்டு கையையும் கக்கத்துக்குள்ள வச்சுக்கிட்டு நிப்பாங்க. குளிர்தானே, யாருக்கு இல்ல என்று நாங்களும் கடந்து போயிருக்கிறோம். எங்களில் ஒருத்தரோட மாமா, சட்டைப் பொத்தான் போட முடியாமல் மகளைக் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் இது வெறும் குளிர் இல்லை என்று விளங்கியது.

அதிர்கிற மெஷினை வருஷக்கணக்காகப் பிடித்தால் விரலில் உள்ள சின்ன இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பழுதாகும். முதலில் விறுவிறுக்கும், அப்புறம் மரத்துப் போகும். குளிர் பட்டதும் விரல் நுனி வெளுக்கும், சூடு திரும்பும்போது உளையும். 'வெள்ளை விரல்' என்று இதற்கு ஒரு பேரே உண்டு. எங்க நிறத்துக்கு அந்த வெளுப்பு அவ்வளவாகத் தெரியாது, சாம்பல் பூத்த மாதிரித்தான் இருக்கும். முற்றிவிட்டால் பழைய விரல் திரும்பக் கிடைக்காது.

2015இல் கிளைபோசேற் தடை வந்தபோது களையை மருந்தடித்து அடக்க வழியில்லாமல் போனது. 2018இல் தேயிலைக்கு அந்தத் தடை தளர்ந்தது. மெஷின் மட்டும் மலையை விட்டுப் போகவில்லை. தோட்டத்தில் ஆள் குறையக் குறைய கவ்வாத்துக்கும் மெஷின், கொழுந்துக்கும் மெஷின்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்துக்கு மட்டுமல்ல, தொழிலால் வரும் நோய்க்கும் நட்டஈடு பேசுகிறது. 2022 திருத்தத்தோடு உச்சத் தொகை 550,000 ரூபாவிலிருந்து 20 இலட்சமாக உயர்ந்தது. ஆனால், விரல் துண்டாகப் போனால் இத்தனை வீதம் என்று அட்டவணையில் கணக்கு இருக்கிறது. விரல் கையிலேயே இருந்து உணர்ச்சி மட்டும் போனால்? அது வேலையால்தான் வந்தது என்று காட்ட வேண்டும். எதை வைத்துக் காட்டுவது? செக்ரோலில் அன்றைக்குப் பேர் விழுந்திருக்கும். எத்தனை மணித்தியாலம் மெஷின் பிடித்தார் என்று இருக்காது. டிஸ்பென்சரித் துண்டில் 'கை விறைப்பு' என்று இருக்கும். என்ன வேலை செய்கிறவர் என்று இருக்காது.

இந்த மலையில் தேயிலை நட்டவர்களின் நாட்டிலேயே இதே வழக்கு நடந்தது. துளைக்கும் மெஷின் பிடித்துக் கை கெட்ட நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வழக்காடினார்கள். 1998இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் வென்றார்கள். அடுத்த வருஷம் அரசாங்கம் நட்டஈட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்க, சுமார் 170,000 கோரிக்கைகள் வந்தன. அங்கே கேட்கப்பட்டது ரெண்டு விஷயம்: எந்த வேலையில் எத்தனை வருஷம், கை இப்போது எந்த நிலையில். எங்க ஆளுங்க கையில் இல்லாததும் அந்த ரெண்டும்தான்.

"சம்பளத்துக்கே போராட்டம், இதுல விரலா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இதுவும் சம்பளப் பிரச்சினைதான். மெஷின் பிடிக்க முடியாதவருக்கு அரைப்பேர், அப்புறம் அதுவும் இல்லை. அதனால் தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் இதையும் மேசையில் வைக்க வேண்டும். மெஷின் பிடித்த நேரம் செக்ரோலில் ஏற வேண்டும். ஒரே ஆள் நாள் முழுக்கப் பிடிக்காமல் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கையைப் பரிசோதிக்க வேண்டும். அதிர்வால் வரும் இந்த நோயை சர்வதேசத் தொழில் அமைப்பு தன் 2010ஆம் ஆண்டுப் பட்டியலில் தொழில் நோயாகவே சேர்த்திருக்கிறது. ஆகவே நாங்கள் புதுசாக எதையும் கேட்கவில்லை.

அதுவரைக்கும் நாங்க சும்மா இருக்கத் தேவையில்லை. இந்த லீவுக்கு ஹட்டன் பஸ் ஏறுகிறவர்கள் ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு போங்கள். மெஷின் பிடிக்கிற அப்பா, மாமா, அண்ணன்மாரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த மெஷின், எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம், எப்ப இருந்து மரத்துப் போகுது? திகதி போட்டு எழுதுங்கள். அடுத்த முறை அவர் டிஸ்பென்சரிக்குப் போகும்போது அந்தக் கொப்பியும் கூடப் போகட்டும்.