தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கா?



பள்ளி விடுமுறைக்கு ஒரு வாரம் இருக்கும்போது நான்காம் ஆண்டு மாணவர்களிடம், "விடுமுறைக்கு யார் யார் எங்கே போகப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். பாதிப் பேர் பாட்டி வீடு என்றார்கள். சிலர் மாமா கல்யாணம் என்றார்கள். ஒரு பையன் மட்டும் எழுந்து நின்று, "சுவிட்சர்லாந்து, சார்!" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. படப் பாட்டில் பனிமலையைப் பார்த்திருக்கிறான். "காலில் கட்டையைக் கட்டிக்கிட்டு வழுக்கிக்கிட்டே போலாம் சார். எங்கப்பா கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு" என்றான்.

அவனுடைய அப்பா எங்கள் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். அன்று மாலை கடை வாசலில் அவரைக் கண்டேன். "என்னப்பா, சுவிட்சர்லாந்துப் பயணமாமே?" என்றேன். அவர் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். "அவன் தொல்லை தாங்கல சார், வாயடைக்கச் சொன்னது. நமக்கெல்லாம் ஏது சார் ஹாலிடே? லீவ வித்துட்டா நாலு காசாவது வரும்."

'லீவ வித்துட்டா' என்ற அந்தச் சொல் அன்றிரவு முழுவதும் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த இதழில் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் சுவிட்சர்லாந்தைப் பார்த்துவிடுவோம். அங்கே செயின்ட் மொரிட்ஸ் என்று ஒரு மலையூர், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் வெயில் காலத்தில் மட்டுமே அங்கே விருந்தாளிகள் வருவார்கள். பனி விழத் தொடங்கினால் ஊரே காலியாகிவிடும். 1864ஆம் ஆண்டு யோஹானஸ் பாத்ருட் என்ற விடுதிக்காரர், ஊருக்குத் திரும்பவிருந்த ஆங்கிலேய விருந்தாளிகளிடம், "குளிர்காலத்தில் ஒருமுறை வந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் உங்கள் வழிச்செலவை நானே தருகிறேன்" என்று பந்தயம் கட்டினாராம். வந்தவர்கள் வசந்தம் வரும்வரை கிளம்பவில்லையாம். ஆல்ப்ஸ் மலையின் குளிர்கால விடுமுறைக்குப் பிறப்புக் கதையாக இதைச் சொல்வார்கள்.

இன்று அங்கே போய்ச் சறுக்குவதற்கு விமானச் செலவு மட்டும் போதாது. சறுக்குக் கட்டை, அதற்கென்று பூட்ஸ், கம்பளி உடுப்பு, மலையுச்சிக்கு ஏற்றிவிடும் கம்பி வண்டிக்குச் சீட்டு, சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியே காசு. அது நம் பைக்கு எட்டாது. ஆனால் அந்த விடுதிக்காரரின் யோசனை நமக்கும் எட்டும். ஊர் கூட்டமாகப் போகும்போது போகாதே. மலை அமைதியாக இருக்கும்போது போய்ப் பார் என்பதுதான் அது.

நமக்கும் குளிர்ந்த மலை உண்டு. பகாங் மாநிலத்தின் கேமரன் மலையைத்தான் சொல்கிறேன். 1885இல் அந்தப் பக்கம் நில அளவைக்குப் போன வில்லியம் கேமரனின் பெயர் அதற்கு நிலைத்தது. பிறகு, சமவெளிச் சூடு தாங்காத வெள்ளைக்காரத் துரைமார் இளைப்பாற அது மலைவாசத் தலமானது. 1929இல் ரஸ்ஸல் என்பவர் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலை நட்டவர்களிலும் கொழுந்து கிள்ளியவர்களிலும் நம் மக்கள் இருந்தார்கள். இளைப்பாறப் போனவர் ஒருவர், அங்கே பாடுபட்டவர் வேறொருவர்.

வகுப்பில் நான் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சுமார் 6 பாகை சூடு குறையும். தானா ராத்தா ஊர் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே நம் ஜோகூரைவிட அங்கே 8, 9 பாகை குறைவு. இரவில் 15, 16 பாகைக்கு இறங்கிவிடும். தண்ணீர்கூட அங்கே 95 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் சோறு வேகச் சற்று நேரமாகும். வீட்டில் அரிசி போடும் தாய்மார்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் அந்தக் குலை வெட்டும் நண்பரிடம் சொன்னேன். அவர் ஒரே கேள்வியில் என்னை மடக்கிவிட்டார். "பொறந்ததிலேருந்து தோட்டத்தைத்தானே பார்க்கிறோம். காசு செலவழிச்சுத் தோட்டத்திலேருந்து தோட்டத்துக்கா சார் போகணும்?"

அவருக்கு நான் என் அம்மாவின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

என் அம்மா முப்பத்து மூன்று ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். கோயில் திருவிழா, கல்யாணம், சாவு, இவை தவிர வேறு எதற்கும் அவர் தோட்டத்தை விட்டு வெளியூர் போனதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரையும் கூட்டிக்கொண்டு நாங்கள் குடும்பத்தோடு கேமரன் மலை போனோம். முதல் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு விழித்துப் பார்த்தால் அம்மாவின் படுக்கை காலி! பதறி வெளியே ஓடினேன். தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியில், என் மனைவியின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூடுபனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, தூக்கம் வரலியா?" என்றேன்.

"பெரட்டுக்கு எழுந்த பழக்கம், ஐயா. முழிச்சுட்டேன். வீடா இருந்தா அடுப்பு கூப்பிடும். இன்னிக்கு எங்கயும் போகவேணாம், எதுவும் செய்யவேணாம்னு அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு. அதையே நெனச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நல்லாயிருக்கு."

எனக்குப் பேச்சு வரவில்லை. பக்கத்தில் நானும் உட்கார்ந்துகொண்டேன். அறுபத்தெட்டு வயதில் என் தாய்க்குக் கிடைத்த முதல் ஓய்வு நாள் அது.

அன்று தேயிலை மலைக்குப் போனோம். கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வங்காளதேச இளைஞர்கள். அம்மா வேலியோரம் நின்று ஒருவரிடம், "பெனாட் கா?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "பியாசா, மக்சிக்" என்றார். களைப்பா என்று கேட்டதற்கு, பழகிப்போனதுதான் என்று பதில். திரும்பி வரும்போது அம்மா சொன்னார்: "நம்ம ஆளுங்க நின்ன எடத்துல இப்ப இவங்க நிக்கிறாங்க. மூட்டை மட்டும் அதே முதுகுலதான் இருக்கு." பிறகு மேட்டுக் கடையில் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணியை அரை மணி நேரம் குடித்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

எனவே, தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குப் போகலாமா என்றால், போகலாம். மற்றவர்கள் தேயிலைச் செடியின் பச்சையைத்தான் பார்ப்பார்கள். அதற்குள் இருக்கும் உழைப்பு நம் கண்ணுக்குத் தெரியும். ஒருமுறையாவது கூடையைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

உரிமை என்றேன். அது சட்டத்திலேயே இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஓராண்டு வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு ஆண்டுக்குக் குறைந்தது 8 நாள் விடுப்பு உண்டு. ஈராண்டு நிறைந்தால் 12 நாள். ஐந்தாண்டு நிறைந்தால் 16 நாள். பொது விடுமுறைகளும் வார ஓய்வும் இதில் சேரா. உரிய காலத்துக்குள் எடுக்காவிட்டால் இந்த உரிமை போய்விடும். காரணமில்லாமல் அடிக்கடி மட்டம் போட்டாலும் போய்விடும். விடுப்புக்குப் பதிலாகப் பணம் என்பது, முதலாளி கேட்டு, தொழிலாளி எழுத்தில் சம்மதித்தால்தான். ஆகவே லீவை விற்பதும் விற்காததும் உங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது. மருத்துவச் செலவுக்காக விற்பவரை நான் குறை சொல்லமாட்டேன். பழக்கத்துக்காக விற்பவரிடம்தான் வேண்டிக் கேட்கிறேன்: ஐந்து நாளையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பணம். கல்யாணத்துக்குத் திட்டம் போடும் நாம் பயணத்துக்குத் திட்டம் போடுவதில்லை. நாளுக்கு 3 வெள்ளி எடுத்து வைத்தால் ஆண்டு முடிவில் 1,095 வெள்ளி சேரும். அதைத் தேசியச் சேமிப்பு வங்கியில் போட்டு வையுங்கள். கூட்டு கட்டிச் சேர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கூட்டு 1971ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடை செய்யப்பட்டது. பணத்தோடு ஆள் மறைந்தால் கேட்க வழியிராது. நகையை அடகு வைத்தோ ஆலோங்கிடம் வாங்கியோ எந்த மலைக்கும் போகாதீர்கள். அங்கே நான்கு நாள் குளிரும்; திரும்பி வந்தபின் நான்கு ஆண்டு சுடும்.

செலவை ஐந்து தலைப்பில் எழுதுங்கள். வண்டி, தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவு ஆகிய நான்கும் எல்லாருக்கும் தெரியும். ஐந்தாவதை எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஊர் திரும்பிய பிறகு அடுத்த சம்பளம் வரைக்கும் வீட்டுச் செலவுதான் அது. ஐந்தாவது தலைப்பில் முதலில் பணத்தைப் போடுங்கள். மிச்சம் நான்குக்கும் பற்றாவிட்டால் இன்னும் சில மாதம் சேர்த்துவிட்டுப் போங்கள். மலை எங்கேயும் ஓடிப்போகாது.

இரண்டு குடும்பமாகச் சேர்ந்து, அடுப்படி உள்ள வீடாக வாடகைக்கு எடுத்தால் தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் குறையும். அரிசியும் பருப்பும் சம்பாலும் இங்கிருந்தே கொண்டு போகலாம். காய்கறி அங்கேயே விளைகிறது.

எப்போது போவது? சனி, ஞாயிறு, பொது விடுமுறை மூன்றையும் விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் மலைச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். பள்ளி விடுமுறையில் திங்கள் போய் வியாழன் திரும்பினால், அந்தச் சுவிஸ் விடுதிக்காரர் சொன்ன அமைதி நமக்கும் கிடைக்கும். ஆண்டு இறுதி மழையில் மண்சரிவு பயம் உண்டு. அந்தச் சமயம் வானிலைச் செய்தியைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

சொந்த வண்டி இல்லாதவர்கள் இங்கிருந்து கோலாலம்பூர் போய், தெற்கு ஒருங்கிணைந்த பேருந்து நிலையத்தில் தானா ராத்தா பஸ் ஏறலாம். தாப்பாவிலிருந்து மேலே ஏறும் சாலை ஒரே வளைவு. பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுக்காதீர்கள்; கையில் அசாம்போயும் ஒரு பிளாஸ்டிக் பையும் இருக்கட்டும். சொந்தக் காரில் போகிறவர்களுக்குச் சிம்பாங் பூலாய் வழி சுற்றானாலும் வளைவு குறைவு. கம்பளிச் சட்டையைப் புதிதாக வாங்க வேண்டாம். பண்டல் கடையில் மலிவாகக் கிடைக்கும். இரவல் வாங்கினாலும் தப்பில்லை. கிழவர்களுக்குக் காலுறையும் மருந்தும் மறவாதீர்கள். பாட்டிக்கு எதற்கு என்று மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இந்த ஆண்டு அதற்கும் முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். தங்காக் பக்கம் நம் ஜோகூரிலேயே 1,276 மீட்டர் உயர லேடாங் மலை இருக்கிறது. உச்சிக்கு ஏற வேண்டியதில்லை. அடிவாரத்து அருவியில் காலை நனைத்து, கட்டுச்சோறு சாப்பிட்டு, அன்று மாலையே வீடு திரும்பலாம். ஒரு நாள் ஓய்வும் ஓய்வுதான்.

சென்ற வாரம் அந்தக் குலை வெட்டும் நண்பர் பள்ளிக்கூடத்து வாசலில் காத்திருந்தார். கையில் ஒரு புதிய சேமிப்புப் புத்தகம்.

"சார், அந்த மலையில பனி கொட்டுமா?"

"கொட்டாது. காலையில மூடுபனி வரும். ஆள் மறையற அளவுக்கு வரும்."

சற்று யோசித்தார். "அது போதும் சார். சுவிட்சர்லாந்துக்குப் போற வழியில மொதல்ல இங்க எறங்கணும்னு பையன்கிட்ட சொல்லிடுறேன்."

உங்கள் வீட்டில் யாருக்கு இந்த ஆண்டு லீவு மிச்சமிருக்கிறது? இன்றே எண்ணிப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.