கேடயத்தில் பதித்த தலை

கோதிக் மெட்டல் இசையில் ஆண்குரலும் பெண்குரலும் எதிரெதிராக நின்று பாடும் முறைக்கு மேற்கில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: அழகியும் அரக்கனும். ஆண் அடித்தொண்டையிலிருந்து உறுமுவான். பெண் மேல்ஸ்தாயியில் மென்மையாகப் பாடுவாள். இசை விமர்சகர்கள் இந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அது ஒரு கலைச்சொல்லாகவே ஆகிவிட்டது. இந்த இசையை எனக்கு முதலில் கேட்கக் கொடுத்த மாணவியும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கொடுத்தாள். அந்தப் பெயர் ஒரு பெண்ணின் உழைப்பைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது என்பது என் வாதம். அதற்கு நான் சாட்சிக்கு அழைப்பது ஒரே ஒரு தொகுப்பை.

நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரில் 1993இல் தொடங்கிய குழு தியேட்டர் ஆஃப் ட்ராஜெடி. பெண்குரல் லிவ் கிறிஸ்டின், ஆண்குரல் ரேமண்ட் ரோஹோன்யி. 1995இல் குழுவின் பெயரிலேயே வந்த முதல் தொகுப்பும், 1996இல் வந்த 'வெல்வெட் டார்க்னஸ் தே ஃபியர்' தொகுப்பும் இந்த இருகுரல் முறைக்கு இலக்கணமாகச் சொல்லப்படுகின்றன. முதல் தொகுப்பு வந்தபோது லிவ் கிறிஸ்டினுக்கு வயது 19. பிறகு 2000இல் 'மியூசிக்' தொகுப்போடு குழு மின்னிசைப் பக்கம் போனது. அதை இசைவரலாறு ஒரு திருப்பமாகக் குறித்துவைத்தது. நடுவில் 1998இல் வந்தது 'ஏஜிஸ்'. முன்னோடி என்ற பட்டமும் அதற்கு இல்லை, திருப்பம் என்ற பரபரப்பும் இல்லை. விரும்பிக் கேட்டவர்கள் உண்டு. ஆனால் அது என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து யோசித்தவர்கள் குறைவு.

ஏஜிஸில் முக்கியமான ஒரு மாற்றம் நடக்கிறது. ரோஹோன்யி உறுமலைப் பெரும்பாலும் கைவிட்டுவிடுகிறார். தாழ்ந்த குரலில் பேசுகிறார், முணுமுணுக்கிறார், பாடுகிறார். அரக்கன் மேடையை விட்டு இறங்கிவிட்டான் என்றால் அழகியும் இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? ஒன்றைச் சார்ந்துதானே மற்றது? ஆனால் லிவ் கிறிஸ்டினின் குரலைப் பற்றிப் பேசும் மொழி மட்டும் மாறவில்லை. தேவதை, தெய்வீகம், படிகம் போன்ற குரல் என்றே எழுதினார்கள். எதிரே யார் நின்றாலும், என்ன செய்தாலும், பெண்குரலுக்கு ஒதுக்கப்பட்ட வேலை அழகாக இருப்பது மட்டும்தான்.

உறுமலை எப்படிப் பாராட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். அது பயிற்சி, மூச்சுக்கட்டுப்பாடு, உத்தி. உண்மைதான். குரல்நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் மடிப்புகளையும் அதிரவைத்து எழுப்பும் ஒலி அது. பழகாமல் செய்தால் தொண்டை புண்ணாகும். அது ஆணின் சொத்தும் அல்ல. 2001இல் ஆர்ச் எனிமி குழுவின் 'வேஜஸ் ஆஃப் சின்' தொகுப்பில் ஏஞ்சலா கோசோ உறுமியதைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். ஆக, அரக்கன் என்பது கற்றுக்கொண்ட திறன். அழகு மட்டும் பிறவியிலேயே வந்தது, யாரும் உழைத்துப் பெறாதது. கனத்த கிதார்கள் இரைந்துகொண்டிருக்க, அவற்றோடு கத்திப் போட்டியிடாமல், மெல்லிய குரலைச் சுருதி பிசகாமல் கடைசி வரை கொண்டுசெலுத்துவது எவ்வளவு கடினமான வேலை! அந்த வேலையை அழகு என்ற சொல்லால் மூடிவிடுகிறார்கள். சமையலைக் கைமணம் என்று சொல்லி முடித்துக்கொள்வது போலத்தான் இதுவும்.

இனி பாடல்களின் தலைப்புகளைப் பாருங்கள். கசாண்ட்ரா, லோரெலை, அயோடே, சைரன், வீனஸ், பொப்பேயா என்று எல்லாமே பெண்களைக் குறிக்கும் பெயர்கள். இவர்களில் நால்வருக்குக் குரல்தான் கதை. அப்பல்லோவை மறுத்ததால், உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள் என்ற சாபத்தைச் சுமந்தவள் கசாண்ட்ரா. ரைன் நதிப் பாறையில் அமர்ந்து பாடிப் படகோட்டிகளைக் கவிழ்த்தவள் என்று பழி சுமத்தப்பட்டவள் லோரெலை. கடலோடிகளைப் பாட்டால் கொன்றவர்கள் சைரன்கள். அயோடே பாட்டுக்கே உரிய தேவதை. ஒரு பெண் வாய் திறந்தால் அவளை நம்ப மாட்டோம், இல்லையென்றால் அவளால் செத்துப்போவோம் என்று ஆண்கள் காலம்காலமாகச் சொல்லிவந்த கதைகள் இவை. பொப்பேயா ரோமப் பேரரசன் நீரோவின் மனைவி. கர்ப்பிணியாக இருந்தவளை அவன் எட்டி உதைத்ததால் இறந்தாள் என்று ரோம வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

உடனே ஒரு கேள்வி வரும். வரிகளை எழுதியவர் ரோஹோன்யிதானே? ஆண் கற்பனையில் உருவான மோகினிகளை ஒரு பெண் பாடிவிட்டால் அது பெண்ணியம் ஆகிவிடுமா? ஆகாது. இந்தத் தொகுப்பைப் பெண்ணியப் பிரதி என்று நான் சான்றிதழ் தரவில்லை. பெண்ணை மரணத்தின் கவர்ச்சியாகக் காட்டும் பழைய நோய் இதிலும் இருக்கிறது. ஆனால் தமிழ் படித்த நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிப் பாடியதை நாம் வகுப்பில் நடத்துகிறோம். ஆண் பெண்குரலை எடுத்துக்கொள்ளும்போது அதைப் பாவம் என்கிறோம், அவனைப் பெரும் கவி என்கிறோம். ஆண் எழுதிய பெண்ணுக்கு ஒரு பெண் தன் சொந்த மூச்சைக் கொடுக்கும்போது மட்டும் அவளை வெறும் கருவி என்று ஏன் சொல்கிறோம்? எந்தச் சொல்லில் நிற்பது, எதை அழுத்தாமல் விடுவது, எங்கே குளிர்ந்துபோவது என்று தீர்மானிப்பவள் பாடுகிறவள்தான். அவனுடைய லோரெலை இரையைத் தேடுகிறவளாக இருக்கலாம். இவள் பாடும் லோரெலை களைத்துப்போனவளாக என் காதில் விழுகிறாள். அந்தக் களைப்பை வாசகம் தரவில்லை, குரல் தந்தது. குரலும் ஓர் எழுத்துதான்.

இதை ஏற்க மறுப்பதால் என்ன நடக்கிறது? அலங்காரத்தை மாற்றுவது எளிது. 2003இல் லிவ் கிறிஸ்டினைக் குழு விலக்கியது. வேறொரு பாடகியைக் கொண்டுவந்து 2010இல் கலையும் வரை நடத்தியது. அவர் அடுத்துத் தொடங்கிய லீவ்ஸ் ஐஸ் குழுவிலும் 2016இல் அவர் இடத்தில் வேறொருவர் வந்தார். உள்விவகாரங்களுக்குள் நான் போகவில்லை. பெண்குரல் ஒரு நாற்காலி, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்ற எண்ணத்தைத்தான் கேள்வி கேட்கிறேன்.

அதே 2003இல் அமெரிக்காவின் எவனெசன்ஸ் குழு 'பிரிங் மீ டு லைஃப்' பாடலோடு உலகமெங்கும் பரவியது. அதில் ஓர் ஆண்குரல் இருந்தே தீர வேண்டும் என்று இசைநிறுவனம் வற்புறுத்தியதை ஏமி லீ வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். முன்னே நின்று பாடிய பெண்ணுக்கும் பக்கத்தில் ஓர் ஆண் துணை வேண்டியிருந்தது. 2017இல் 'சிந்தசிஸ்' தொகுப்பில் அதே பாடலை ஆண்குரல் இல்லாமல் அவர் மீண்டும் பாடினார். பாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஏஜிஸ் என்பது கிரேக்கத் தொன்மத்தில் ஏதெனாவின் கேடயம். அதில் பதித்திருப்பது மெடூசாவின் வெட்டிய தலை. பார்த்தவர்களைக் கல்லாக்கிய பெண்ணைக் கொன்று, அவள் முகத்தை மட்டும் எடுத்து, இன்னொருவரின் போருக்கு ஆயுதமாக்கினார்கள். இந்தப் பெயரைக் குழு என்ன நினைத்து வைத்ததோ, என்னால் வேறு விதமாகப் படிக்க முடியவில்லை. முகம் முன்னால் இருக்கும், குரல் முன்னால் இருக்கும், ஆக்கியவள் என்ற பெயர் மட்டும் அவளுக்கு இருக்காது.

இதைப் படிக்கும் மாணவிகளே, அந்தத் தொகுப்பைத் தேடிக் கேளுங்கள். அழகாக இருக்கிறது என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அடுத்த முறை உங்கள் குரல் இனிமையாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் சொன்னது என்ன என்று அவரிடம் திருப்பிக் கேளுங்கள்.